வண்டி ஸ்டார்ட் ஆகணுமே!

(ஒரு திரைப்படச் சங்கத்தில் படம் ஓடுவதற்கு முன் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம்.

இன்றைக்குப் போடப்போகிற 'டபுள் இன்டெம்னிட்டி' படத்தின் கதையை நான் சொல்லத்தான் போகிறேன். முடிவு உட்பட. மூன்றாவது வரிசையில் ஒரு தம்பி காதைப் பொத்திக்கொள்வது தெரிகிறது. கையை எடுங்கள் தம்பி, படம் ஆரம்பித்த சில நிமிடங்களில் படமே அதைச் சொல்லிவிடும். தோளில் குண்டு பாய்ந்த ஒருவன் ராத்திரி நேரத்தில் தன் ஆபீசுக்கு வருகிறான். கோட்டில் ரத்தம். குரலைப் பதிவுசெய்யும் டிக்டாஃபோன் முன்னால் உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறான். ஆமாம், கொன்றது நான்தான், பணத்துக்காகக் கொன்றேன், ஒரு பெண்ணுக்காகக் கொன்றேன், பணமும் கிடைக்கவில்லை, பெண்ணும் கிடைக்கவில்லை என்கிறான். யார் கொலைகாரன், ஏன் செய்தான், கடைசியில் என்ன ஆனது என்று எல்லாம் தெரிந்துவிட்டது. இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் படம் பாக்கி.

கதை தெரிந்த பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்? நம் ஊரில் இதைக் கேட்கக் கூடாது. பதினெட்டாம் போர்க் கூத்தில் துரியோதனன் சாகப்போகிறான் என்று தெரியாதவர் யார்? இருந்தும் பாயை விரித்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் சாவானா என்று பார்க்க வரவில்லை, எப்படிப் போய்ச் சாகிறான் என்று பார்க்க வந்திருக்கிறார்கள். ஃபிலிம் நுவார் என்ற இருண்ட குற்றப்பட வகையின் ருசியும் ஏறக்குறைய அதுதான்.

இந்தப் பெயரை வைத்தவர்கள் படம் எடுத்தவர்கள் இல்லை. உலகப் போரில் ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சுக்கு அமெரிக்கப் படங்கள் வருவது நின்றுபோயிருந்தது. 1946இல் பாரிஸ் தியேட்டர்களில் சில வருடத்துப் படங்கள் மொத்தமாக வந்து இறங்கின. வரிசையாகப் பார்த்த விமர்சகர்களுக்கு ஒன்று உறைத்தது: என்னப்பா இது, அமெரிக்கப் படம் இவ்வளவு இருட்டாகிவிட்டதே! நினோ ஃபிராங்க் என்பவர் எழுதிய கட்டுரையிலிருந்து 'ஃபிலிம் நுவார்', அதாவது கறுப்புப் படம் என்ற பெயர் நிலைத்தது. ஹாலிவுட்டில் அன்றைக்கு அதற்குப் பெயர் மெலோடிராமா, அவ்வளவுதான்.

அந்த மூட்டையில் இருந்த ஒரு படம்தான் இன்று நாம் பார்க்கப்போவது. 1944இல் வந்த 'டபுள் இன்டெம்னிட்டி'. இயக்கியவர் பில்லி வைல்டர். கதை ஜேம்ஸ் எம். கெய்ன் எழுதிய குறுநாவல். அதற்கு விதை போட்டது 1927இல் நியூயார்க்கில் நடந்த நிஜக் கொலை. ரூத் ஸ்னைடர் என்ற பெண் காதலனோடு சேர்ந்து, இன்சூரன்ஸ் பணத்துக்காகக் கணவனைக் கொன்றாள். அடுத்த வருடமே இருவரும் மின்சார நாற்காலிக்குப் போனார்கள்.

தலைப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்.ஐ.சி. ஏஜென்ட் 'டபுள் ஆக்சிடென்ட் பெனிஃபிட்' என்று சொல்லிக் கூடக் கொஞ்சம் பிரீமியம் வாங்குவாரே, அதன் அமெரிக்க அண்ணன். படத்தில் பாலிசி 50,000 டாலருக்கு. ரயில் விபத்தில் செத்தால் அது 1,00,000. ஆகவே ஆள் ரயிலிலிருந்து விழுந்து சாக வேண்டும்.

வால்ட்டர் நெஃப் இன்சூரன்ஸ் ஏஜென்ட். கார் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு பணக்கார வீட்டுக்குப் போகிறான். வீட்டுக்காரர் இல்லை, மனைவி ஃபிலிஸ் இருக்கிறாள். மாடிப்படியில் அவள் இறங்கி வரும்போது கேமரா அவள் முகத்தைக் காட்டாமல் காலைக் காட்டும். காலில் பெயர் பொறித்த கொலுசு. கொலுசில் ஆரம்பித்த விபரீதம் நமக்கு ஒன்றும் புதிதில்லை, மதுரையே எரிந்திருக்கிறது. அடுத்துப் பேச்சு. இந்த ஊரில் ஸ்பீட் லிமிட் 45 மைல் என்கிறாள். நான் எவ்வளவில் வந்தேன் ஆபீசர் என்கிறான் இவன். இருவரும் டிராஃபிக் போலீஸ் பாஷையிலேயே கொஞ்சிக்கொள்கிறார்கள். தணிக்கை அப்படி. இந்தக் கதையைப் படமாக்கவே கூடாது என்று 1930களில் தணிக்கை அலுவலகம் கையை விரித்திருந்தது. நேராகச் சொல்ல முடியாததைச் சுற்றிச் சொல்ல வேண்டியிருந்ததால்தான் வசனத்துக்கு இந்தக் காரம் வந்தது. வைல்டரோடு உட்கார்ந்து திரைக்கதை எழுதியவர் துப்பறியும் கதை எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர். இரண்டு பேருக்கும் ஒத்தே போகவில்லை. படத்தின் முதல் பாதியில் ஆபீஸ் வராந்தாவில் நாற்காலி போட்டு ஒருவர் படித்துக்கொண்டிருப்பார், நெஃப் அவரைக் கடந்து போவான். அது சாண்ட்லர்தான். கண் கொட்டாமல் பாருங்கள், தவறிவிடும்.

நெஃப் வேடத்துக்கு ஜார்ஜ் ராஃப்ட் என்ற நட்சத்திரத்தைக் கேட்டார்களாம். கதையைக் கேட்டுக்கொண்டே வந்த மனிதர், நான் எந்த இடத்தில் கோட்டுக் காலரைத் திருப்பி போலீஸ் பேட்ஜைக் காட்டுவேன் என்றாராம். கடைசியில் நாயகன் மாறுவேடப் போலீஸ் என்று தெரிய வேண்டும் அல்லவா! பேட்ஜ் கிடையாது என்றதும் மறுத்துவிட்டார். வைல்டர் சொன்ன கதை இது. அதன்பின் வந்தவர் ஃபிரெட் மேக்மரி, அதுவரை லேசான காமெடிப் படங்களில் நடித்தவர். அதுவே நல்லதாகப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி முகம். இந்த ஆள் கொலை செய்வானா என்று நமக்கே தோன்றும். அதற்குள் செய்துவிட்டிருப்பான்.

கொலையை வைல்டர் எப்படிக் காட்டுகிறார்? காட்டவே இல்லை. கணவன் காரின் முன் சீட்டில், நெஃப் பின்னால் பதுங்கி. ஃபிலிஸ் வண்டி ஓட்டுகிறாள். ஹாரனை அடிக்கிறாள், அதுதான் சைகை. கேமரா அவள் முகத்தை விட்டு நகரவே நகராது. பக்கத்தில் ஒரு மனிதன் திணறும் சத்தம் கேட்கிறது. அவள் நேராக ரோட்டைப் பார்க்கிறாள். உதட்டோரம் ஏதோ ஒன்று, அது சிரிப்பா என்று இத்தனை முறை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஃபிலிஸாக வரும் பார்பரா ஸ்டான்விக் நடிப்பை ஒரே ஒரு இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் அங்கே பாருங்கள்.

அடுத்த காட்சிக்குத்தான் நான் இவ்வளவு தூரம் உங்களைக் கூட்டி வந்தேன். கால் உடைந்த கணவன் போல நெஃப் ஊன்றுகோலோடு ரயிலேறி, கடைசிப் பெட்டியிலிருந்து குதித்துவிடுகிறான். பிணத்தைத் தண்டவாளத்தில் போட்டாகிவிட்டது. காரில் ஏறியாயிற்று. ஃபிலிஸ் சாவியைத் திருகுகிறாள். கர்ர்ர் என்று இழுத்து நின்றுவிடுகிறது. மறுபடி. மறுபடியும் நின்றுவிடுகிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இசையும் இல்லை, வசனமும் இல்லை.

என் அத்தைக்கு அப்போது எழுபது வயது. எறும்பு வரிசை போனால் சுற்றிக்கொண்டு போகிறவர். ஒருநாள் நான் இந்தப் படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் தெரியாது, நான்தான் நடுநடுவே கதை சொன்னேன். இந்த இடம் வந்தபோது கீரை கையிலேயே நின்றுவிட்டது. "ஐயையோ, வண்டி ஸ்டார்ட் ஆகணுமே!" என்றார். நெஃப் கையை நீட்டி மெதுவாகத் திருக, ஸ்டார்ட் ஆனது. அத்தை பெருமூச்சு விட்டார். ஒரு நிமிடம் கழித்து என் பக்கம் திரும்பி, "ஏன்டா, நான் யாருக்காகடா வேண்டிக்கிட்டேன்?" என்றார்.

நுவாரைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிடச் சரியாகச் சொன்னதில்லை. நம்மை எதிர் வரிசையில் நீதிபதியாக உட்காரவைக்காமல், குற்றவாளியின் காரில் பின் சீட்டில் ஏற்றிவிடுகிறார்கள். ஏறும்போது தெரிவதில்லை, கதவு சாத்திய பிறகுதான் தெரிகிறது. இத்தனைக்கும் அந்தக் காட்சி திரைக்கதையில் கிடையாதாம். படப்பிடிப்பு நாள் ஒன்றில் வைல்டரின் சொந்தக் கார் கிளம்ப மறுத்திருக்கிறது. ஓடிவந்து காட்சியை மறுபடி எடுத்தார் என்பார்கள்.

இருட்டைப் பற்றிப் பேசாமல் விட்டால் ஒளிப்பதிவு படிக்கிற பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரணமாக முகத்துக்கு ஒரு முக்கிய விளக்கு, அது உண்டாக்கும் நிழலைக் கரைக்க இன்னொரு விளக்கு. நுவாரில் அந்த இரண்டாவது விளக்கைக் குறைத்துவிடுவார்கள், சில சமயம் அணைத்தே விடுவார்கள். நிழல் நிழலாகவே நிற்கும். வைல்டர் பெர்லினில் சினிமா கற்று, 1933இல் ஹிட்லர் வந்ததும் வெளியேறிய யூதர். நிழலை வைத்துக் கதை சொல்வது அந்த ஊர்க் கை. இந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் ஒன்று செய்தார். ஃபிலிஸ் வீட்டு வரவேற்பறையில் ஜன்னல் பட்டிகள் வழியாக வெயில் கோடு கோடாக விழும். அந்த வெளிச்சத்தில் தூசி மிதக்கும். அது தூசி இல்லை, அலுமினியத் தூள், ஷாட்டுக்கு முன் ஊதிவிட்டது. சட்டையில் விழும் அந்தக் கோடுகள் ஜெயில் கம்பி என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு அந்தத் தூசிதான் முக்கியம். பெரிய வீடு, ஆனால் யாரும் சரியாகப் பெருக்குவதில்லை.

எல்லாமே இருட்டில் நடக்கிறது என்றும் நினைக்காதீர்கள். கொலைகாரர்கள் ரகசியம் பேசும் இடம் பளிச்சென்ற சூப்பர் மார்க்கெட். அடுக்கி வைத்த டப்பாக்களுக்கு நடுவே, அவள் கறுப்புக் கண்ணாடியோடு. நடுவில் ஒரு பெண்மணி வந்து மேல்தட்டுச் சாமானை எடுத்துத் தரச் சொல்வார், நெஃப் எடுத்துக் கொடுப்பான். இருட்டுச் சந்துகளைவிட எனக்கு இதுதான் வயிற்றைக் கலக்கும்.

நம்மிடமும் ஒன்று இருக்கிறது. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்'. அந்தக் காலத்தில், பாட்டே இல்லாமல்! சிவாஜி தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் செத்துவிடுவார். ஆனால் அதில் கேள்வி, சுட்டது யார். இங்கே அந்தக் கேள்வியே இல்லை. அதை அடுத்த மாதம் போடலாமே என்று செயலாளரிடம் கேட்டுவைத்திருக்கிறேன்.

குறை இல்லாத படம் இல்லை. ஸ்டான்விக்கின் பொன்னிற விக் அநியாயம். ஸ்டுடியோ மேலதிகாரி ஒருவரே, ஜார்ஜ் வாஷிங்டனை அல்லவா பிடித்து வந்திருக்கிறோம் என்று கிண்டலடித்தாராம். நெஃப்பின் ஃபிளாட் கதவு வெளிப்பக்கம் திறக்கும், ஃபிலிஸ் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள வசதியாக. எந்த ஊர் ஃபிளாட்டில் கதவு அப்படித் திறக்கும்? பார்க்கும்போது தோன்றாது, வீட்டுக்குப் போய்ச் சாவி போடும்போதுதான் தோன்றும்.

கடைசியாக கீஸ். க்ளெயிம் மேலாளர், எட்வர்ட் ஜி. ராபின்சன். பொய்க் க்ளெயிம் வந்தால் அவர் வயிற்றுக்குள் ஒரு குட்டி மனிதன் உதைப்பான், சாப்பாடு இறங்காது. தற்கொலைக் கணக்குகளை அவர் மூச்சு விடாமல் அடுக்கும் காட்சியில் கை தட்டத் தோன்றும். நெஃப்மேல் அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி பாசம். எப்போதும் வாயில் சுருட்டு, ஆனால் தீப்பெட்டி இருக்காது. பையெல்லாம் தடவுவார். ஒவ்வொரு முறையும் நெஃப் கட்டைவிரல் நகத்தால் குச்சியைக் கிழித்து நீட்டுவான். படம் முழுக்க இது நடக்கும்.

முடிவில் நெஃப் ஆபீஸ் வாசலிலேயே சரிந்து கிடக்கிறான். சிகரெட்டை வாயில் வைத்துவிட்டான், குச்சியைக் கிழிக்கக் கையில் பலம் இல்லை. கீஸ் குனிந்து பற்றவைக்கிறார். இதற்குப் பிறகு விஷவாயு அறையில் நெஃப் சாவதாக ஒரு நீளமான காட்சியை, பெரிய செட் போட்டு, நிறையச் செலவழித்து, வைல்டர் எடுத்து வைத்திருந்தார். அந்தத் தீக்குச்சியைப் பார்த்த பின் அது வேண்டாம் என்று வெட்டிப் போட்டுவிட்டார்.

படம் 107 நிமிடம். இடைவேளை கிடையாது. டீ வேண்டும் என்பவர்கள் இப்போதே குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.