இரும்பில் வார்த்த கடை: நியூயார்க்கின் ஹாவவுட் கட்டடம்

[காட்சி: தெருமுனைக் கட்டடம், கீழிருந்து மேலே மெதுவாக]

நியூயார்க்ல பிராட்வேயும் புரூம் தெருவும் சந்திக்கிற முனை. 1857-ல எழும்பின அஞ்சு மாடி. பார்த்தா கல் கட்டடம்னுதான் தோணும். தூண்ல ஒரு காந்தத்தை வைங்க, பச்சக்குனு ஒட்டிக்கும். தெருவைப் பார்த்த ரெண்டு முகப்பும் வார்ப்பிரும்பு.

இங்க கடை வச்சிருந்த ஹாவவுட் வித்தது பீங்கான், வெள்ளிப் பாத்திரம், கண்ணாடிச் சாமான், சரவிளக்கு. வெளிச்சம் பட்டு மின்னினாத்தான் இதெல்லாம் விலைபோகும். மின்விளக்கு வராத காலம் வேற. செங்கல் சுவரை நம்பினா தடிமன் கூடும், ஜன்னல் சுருங்கும். வார்ப்பிரும்பு மேலிருந்து அமுக்குற பாரத்தை நல்லா தாங்கும். தூண் ஒல்லியா இருந்தா போதும், மிச்சமெல்லாம் கண்ணாடி.

[காட்சி: ஒரே ஒரு ஜன்னல், நெருக்கத்தில்]

ஒரு வளைவு, அதைத் தாங்க ரெண்டு சின்னத் தூண், ரெண்டு பக்கமும் பெரிய தூண். கட்டடக் கலைஞர் ஜான் கேனர் வரைஞ்ச இந்த ஒரு ஜன்னல்தான் முகப்பு முழுக்கத் திரும்பத் திரும்ப வருது. அதுலதான் சிக்கனமே இருக்கு. மர அச்சை மணல்ல பதிச்சு, உருகின இரும்பை ஊத்துவாங்க. அதே அச்சை எத்தனை தடவை வேணும்னாலும் பதிக்கலாம். டேனியல் பேட்ஜரோட ஆலையில வார்த்த துண்டுகளைக் கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்கினாங்க.

சரி, அஞ்சு மாடிக்கும் வாடிக்கையாளர் ஏறணுமே? 1857 மார்ச் 23-ல எலிஷா ஓடிஸோட லிப்ட் இங்க ஓட ஆரம்பிச்சுது. அடித்தளத்துல நீராவி எஞ்சின், வேகம் நிமிஷத்துக்கு சுமார் 40 அடி. கயிறு இழுத்துப் பிடிச்சிருக்கிற வரைக்கும் கூண்டு மேல இருக்கிற வில் (ஸ்பிரிங்) வளைஞ்சே இருக்கும். கயிறு அறுந்தா வில் நிமிர்ந்து, ரெண்டு பக்கத் தண்டவாளப் பல்லுல மாட்டிக்கும். கூண்டு அங்கேயே நிக்கும். அருமையான யோசனை, ஆனா ஜனங்களுக்கு அதுல ஏறத் துணிவு வரல. சில வருஷத்துலயே நிறுத்திட்டாங்க.

கடைக்குப் பேர் குறையல. 1861-ல அமெரிக்க அதிபர் லிங்கனோட மனைவி மேரி லிங்கன் வெள்ளை மாளிகைக்கு வாங்கின, ஊதா கலந்த சிவப்பு விளிம்பு வச்ச தட்டுகள் ஹாவவுட் கடைச் சரக்குதான்.

[காட்சி: தூணின் அடிப்பகுதி, துருக் கறை]

இந்த மாதிரி முகப்புக்கு எதிரி, துண்டுகளோட இணைப்புல இறங்குற தண்ணி. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளேயிருந்து நெம்பும்போது வார்ப்பிரும்பு வளைஞ்சு கொடுக்காது, விரிசல்தான் விடும். தூணடியில பழுப்புக் கோடு வழிஞ்சா மேல எங்கேயோ இணைப்பு திறந்திருக்குன்னு அர்த்தம். அதை அடைக்காம பெயின்ட் அடிச்சா தண்ணி உள்ளேயே தங்கும். துருவைச் சுரண்டின அன்னிக்கே முதல் பூச்சு போட்டாகணும்.

தீ விஷயத்துலயும் இரும்பை அளவுக்கு மீறி நம்பினாங்க. இரும்பு எரியாது, வாஸ்தவம். ஆனா காய்ஞ்சு சிவந்த தூண்ல குளிர்ந்த தண்ணியை அடிச்சா வெடிச்சிடும்.

ஹாவவுட் கட்டடத்துக்கு வந்த ஆபத்து ஒரு சாலை. புரூம் தெரு வழியா விரைவுச்சாலை போட, நகரத் திட்ட அதிகாரி ராபர்ட் மோசஸ் போட்ட திட்டத்துல இந்த வரிசையே போயிருக்கும். 1965-ல நகரம் இதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமா அறிவிச்சுது. சாலைத் திட்டம் 1969-ல கைவிடப்பட்டுது. பல வருஷம் கறுத்துக் கிடந்த முகப்பு, 1995 சீரமைப்புலதான் மறுபடி வெளிர் நிறத்துக்கு வந்துச்சு.