முன்னால் நிற்பவளுக்கு என்ன உடுப்பு?

வணக்கம் மக்களே. மன்னார்குடிப் பக்கம் குறுவை நடவு ஓடிக்கொண்டிருக்கிறது, பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு சை-ஃபை (அறிவியல் புனைவு) கேம்களில் துப்பாக்கி தூக்கி முன்னால் நிற்கிற பெண்களைப் பற்றிப் பேசலாம். ஒரு கேம் அவளை நிஜமாகவே சிப்பாயாக நினைக்கிறதா, இல்லை போஸ்டருக்காக நிறுத்தியிருக்கிறதா என்று தெரிய நான் வசனத்தைக் கேட்கமாட்டேன், உடுப்பைத்தான் பார்ப்பேன்.

எங்கள் ஊரில் நடவுக்கு இறங்கும் அக்காக்களைப் பார்த்திருப்பீர்கள். புடவைக்கு மேலே வீட்டுக்காரருடைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வெயிலிலும் சேற்றிலும் நாளெல்லாம் நிற்கிறவர் அப்படித்தான் உடுத்துவார். இப்போது 2010இல் வந்த மாஸ் எஃபெக்ட் 2க்கு வாருங்கள். அதில் நாம் ஆடுகிற தளபதி ஷெப்பர்ட். அந்த ஷெப்பர்டைப் பெண்ணாக வைத்து ஆடினால் ஆண் ஷெப்பர்டுக்குக் கிடைக்கிற அதே கனமான கவசம், ஏறக்குறைய அதே வசனம், ஜெனிஃபர் ஹேலின் குரல். பெண்ணுக்கென்று தனியாக எழுதாததால்தான் அவள் அவ்வளவு கம்பீரமாக வந்தாள் என்பது என் கட்சி. அதே கேமில், அவள் பக்கத்திலேயே அவள் குழுவின் ஜாக் என்கிற பெண் நிற்கிறாள், மேலுக்கு வார்ப்பட்டை மட்டும்தான். மூச்சுவிட முடியாத கிரகத்துக்குப் போனாலும் மூக்கு வாயை மூட ஒரு மாஸ்க், அவ்வளவுதான். அதே குழுவின் மிராண்டாவுக்கு உடம்பை ஒட்டிய உடை, ஹீல்ஸ் வேறு. (தேன் என்கிற ஆணும் நெஞ்சைத் திறந்துபோட்டுக்கொண்டுதான் வருவான், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

இது இன்று நேற்று வந்த கோளாறு இல்லை. 1986இல் நின்டென்டோவின் மெட்ராய்ட். அதில் நாம் ஆடுகிற சேமஸ் முழுக்க முழுக்கக் கவசத்துக்குள் இருப்பாள், ஆங்கிலக் கையேடே அவளை ஆண் என்றுதான் எழுதியது. சீக்கிரம் முடித்தால் கடைசியில் பெண் என்று தெரியும். சரி, அருமை! ஆனால் இன்னும் சீக்கிரம், ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் பரிசு என்ன தெரியுமா? அவள் பிகினியில் நிற்பாள்.

எனக்குப் பிடித்தது 2010இன் ஹேலோ ரீச், அதில் வரும் கேட். அவள் குழுவில் தலைவருக்கு அடுத்த இடம், வலது கை இயந்திரக் கை, மற்ற ஸ்பார்ட்டன்கள் (அந்தக் கதையின் சூப்பர் சிப்பாய்கள்) போட்டிருக்கிற அதே மாதிரிக் கவசம். பாதி ஆட்டத்துக்கு மேல் ஒரு கட்டத்தில் எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடுகிறார்கள், கவசத்தைச் சுற்றியிருக்கும் ஆற்றல் ஷீல்டு போய்விட்டது, அவள் ஏதோ சொல்லிக்கொண்டே ஓடுகிறாள், எங்கிருந்தோ ஒரு ஸ்னைப்பர் குண்டு தலையில். கடைசி வசனம் கிடையாது, யார் மடியிலும் சாய்ந்து சாகவில்லை, பாதி வாக்கியத்தில் போய்விட்டாள். முன்வரிசையில் சாவு அப்படித்தானே வரும்.

கியர்ஸ் ஆஃப் வார் வேறு ரகம். அந்தக் கதையில் ஜனத்தொகை சரிந்துபோனதால், பிள்ளை பெறக்கூடிய பெண்களை அரசு சண்டைக்கு அனுப்பாது. முதல் கேமில் ஆன்யா என்கிற பெண் பெரும்பாலும் ரேடியோவில் கேட்கும் குரல்தான். 2011இல் மூன்றாவது கேமில் அவளே கவசம் மாட்டிக்கொண்டு இறங்குகிறாள். கொடூரமான காரணம், அதை வைத்தே ஒரு முழு கேம் எடுத்திருக்கலாம், ஓரமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

"பொம்பளை எங்கே போர்முனையில்" என்று இழுக்கிறவர்களுக்கு ஒன்று. 1943இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் காக்கி உடுத்திப் பயிற்சி எடுத்தவர்களில் பெரும்பாலோர் மலேயா தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் போன சனங்களின் பிள்ளைகளும் அதில் உண்டு, நம்ம ஊர்க்காரர்கள்தான்.

புதிதாக ஆடப்போகிறவர்கள் ரீச்சில் தொடங்குங்கள், 2019இலேயே பிசிக்கு வந்துவிட்டது. உங்கள் ஆளைப் பெண்ணாகத் தேர்வு செய்யுங்கள், எப்படித் தேர்ந்தாலும் படையில் எல்லோரும் "சிக்ஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். அப்புறம் அடுத்த வீடியோவில் கியர்ஸ் 5, அதன் நாயகி கெய்ட் பற்றி.