ஆம்பளைக்கும் ஒரு டெஸ்ட்

வணக்கம் நேயர்களே. நம்ம தென்னாப்பிரிக்கா டர்பனில், சாட்ஸ்வர்த் ஆனாலும் சரி பீனிக்ஸ் ஆனாலும் சரி, பிள்ளை தள்ளிப்போனால் டாக்டர், ஸ்கேன், காவடி நேர்த்தி எல்லாம் பெண் தலையில்தான் விழும். புருஷனை விந்துப் பரிசோதனைக்கு அனுப்ப யாருக்கும் வாய் வராது. இத்தனைக்கும் குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஏதாவது ஒரு காரணம் இருக்கும்.

லேபில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். மைக்ரோஸ்கோப்பில் நல்ல விந்தணு விறுவிறுவென்று ஒரே போக்காக ஓடும். ஈ.கோலை என்கிற குடல் பாக்டீரியா விந்தில் பெருகிவிட்டால் கதை வேறு. அதன் உடம்பிலுள்ள நுண்ணிய இழைகள் விந்தணுவின் மேலிருக்கும் மானோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும், ஒரே கிருமி இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டிப்போடும், அப்புறம் அவை கொத்தாக ஒட்டிக்கொண்டு, வால் மட்டும் துடிக்கும், இடம் நகராது. நம் உடம்பு கிருமியை விரட்ட அனுப்பும் வெள்ளையணுக்களும் சும்மா இருப்பதில்லை. ஒரு மில்லி விந்தில் 10 லட்சத்தைத் தாண்டினால், அவை கக்கும் ஆக்ஸிஜன் வேதிப்பொருள்கள் விந்தணுவின் மேலுறையையும் உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வையும் கெடுக்கக்கூடும்.

உடனே பயந்துவிடாதீர்கள். விந்தில் கொஞ்சம் பாக்டீரியா இருப்பது சகஜம், அப்படியே அப்பா ஆனவர்கள் நிறையப் பேர். எனக்குக் கவலை கிளமிடியா என்கிற பால்வினைத் தொற்றுதான். பெரும்பாலும் எரிச்சலும் இருக்காது, சீழும் வராது. நம்ம அரசு கிளினிக்குகளில் அறிகுறியைப் பார்த்துத்தான் பால்வினை நோய்க்கு மருந்து கொடுக்கிறார்கள், அறிகுறியே இல்லாதவன் எப்படி அகப்படுவான்? அவனுக்குத் தெரியாமலே மனைவிக்குப் போய், அவள் கருக்குழாயில் தழும்பு விழுந்து அடைத்துக்கொள்கிறது. பழியும் அவளுக்கே. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். சந்தேகம் இருந்தால் நீங்களே வாய் திறந்து டெஸ்ட் கேளுங்கள்.

தொற்று உறுதியானால் மருந்து இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். அலமாரியில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை எடுத்து விழுங்க வேண்டாம். மாதிரி கொடுக்க 2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருக்க வேண்டும், அன்றைக்குச் சிறுநீர் கழித்து, கையையும் உறுப்பையும் கழுவிவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் தோலில் உள்ள கிருமிதான் ரிப்போர்ட்டில் வரும். விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் போல ஆகும், அதனால் மருந்து முடிந்த மறுவாரமே ஓடி வராதீர்கள், மூன்று மாதம் கழித்து மறு டெஸ்டுக்கு வாருங்கள்.