மருந்துத் தோம்பில் கீரை வேண்டாம்

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட் பக்கம் எந்தத் தோட்ட லயத்துக்குப் போனாலும் பின்வாசலில் பாதியாக வெட்டிய மினரல் தண்ணி போத்தல்கள் தொங்கும், அதில் கங்கோங், சாவி கீரைகள், மிளகாய். போன மாதம் ஓர் அக்கா கேட்டார், "தம்பி, பிளாஸ்டிக்கில் விஷம் இறங்குதுன்னு வாட்ஸ்அப்பில் வருதே, எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடவா?"

வேண்டாங்க்கா என்றேன். போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும், அது பெட் பிளாஸ்டிக். அதைச் செய்யும்போது ஆன்டிமனி என்ற உலோகத்தைச் சேர்ப்பார்கள், அது தண்ணீரில் கொஞ்சம் இறங்குவது உண்மைதான், சூடு ஏற ஏற அதிகமாகும். ஆனால் குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்த அளவு லிட்டருக்கு 20 மைக்ரோகிராம், சாதாரண வெப்பத்தில் இருக்கும் போத்தல் தண்ணீர் அதற்கு வெகு கீழேதான் இருக்கும். எல்லாரும் பயப்படும் பிபிஏ என்ற ரசாயனத்தைப் பெட்டில் சேர்ப்பதே இல்லை, அது 7 என்று போட்ட பாலிகார்பனேட்டின் சமாசாரம். வெயிலில் காய்ந்து தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும் போத்தலை மட்டும் மாற்றிவிடுங்கள், அந்தத் தூள் மண்ணில் கலந்தால் பொறுக்கி எடுக்க முடியாது.

சரி, எனக்குப் பகீரென்றது வேறு ஒன்று. அந்தப் போத்தல்களுக்குக் கீழேயே ஒரு வெள்ளைத் தோம்பு, அதாவது பெரிய பிளாஸ்டிக் கேன், பக்கவாட்டில் வெட்டி மண் நிரப்பி, பசேலென்று கீரை. அடியில் 2 என்று இருந்தது, நல்ல பிளாஸ்டிக் என்று சொல்லும் அதே எண். குனிந்து மோந்து பார்த்தேன், செம்பனைக்கு அடிக்கும் களைக்கொல்லி வாசம், இத்தனை நாள் கழித்தும். நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேனே தம்பி என்றார் அக்கா, பாவம். கழுவினால் மேலே ஒட்டியது போகும், பிளாஸ்டிக் சுவருக்குள் ஊறியது போகாது, பிறகு மண் ஈரத்தில் மெல்ல மெல்லக் கசியும். அடியில் உள்ள நம்பரை மட்டும் பார்த்தால் போதாது, அதில் முன்பு என்ன இருந்தது என்பதுதான் முக்கியம். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020-இலேயே மலேசியாவில் தடை செய்துவிட்டார்கள், ஆனாலும் பழைய தோம்பு வீட்டுக்குப் பின்னால் கிடந்தால் அதில் தண்ணீர்கூடப் பிடிக்காதீர்கள்.

மருந்து அடிப்பவர்களே, தோம்பு காலியானதும் மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை மருந்தடிக்கும் டாங்கியிலேயே ஊற்றுங்கள், அப்புறம் தோம்பில் ஓட்டை போட்டு ஸ்டோரில் ஒப்படையுங்கள். ஓட்டை போட்டால்தான் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். அக்கா அன்றைக்கே கீரையைப் பிடுங்கினார், அந்த மண்ணையும் வேறு செடிக்குப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.