81 சதவீதத்தில் நிற்கும் மேக்ரோ: சந்தேகங்களுக்கு விளக்கம்

இந்த வாரம் வந்ததுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. ஒரு நண்பர் கேட்கறார்: "ஃபோல்டர்ல 400 எக்செல் ஃபைல் இருக்கு. ஒவ்வொண்ணா திறந்து ஒரே ஷீட்ல சேர்க்கற மேக்ரோ. ஸ்டேட்டஸ் பார்ல சதவீதம் ஓடும். எப்பவும் 81-ல நின்னு 'ஓவர்ஃப்ளோ'ன்னு எரர் வருது. அடுத்த ஃபைல் கெட்டுப்போச்சுன்னு அதைத் தூக்கிட்டேன். மறுபடி 81-லேயே நிக்குது."

பாவம், அந்த ஃபைல் ஒரு தப்பும் பண்ணல. எத்தனையாவது ஃபைல்னு எண்ணற கவுன்ட்டரை இன்டிஜர்னு (சின்ன முழு எண் வகை) டிக்ளேர் பண்ணி, 100-ஆல பெருக்கி, மொத்தத்தால வகுத்திருப்பீங்க. விபிஏ-ல (எக்செல் மேக்ரோ எழுதற மொழி) இன்டிஜர் தாங்கறது 32,767 வரைக்கும்தான். நீங்க எழுதற அந்த 100-ம் இன்டிஜர்தான். ரெண்டு இன்டிஜரைப் பெருக்கினா விடையையும் இன்டிஜராவே வச்சுக்கப் பார்க்கும். 327-க்கு 32,700, தப்பிச்சுது. 328-க்கு 32,800, ரன்டைம் எரர் 6. 400-ல 327-னா 81.75, தசமத்தை வெட்டினா 81. ஒரு ஃபைலைத் தூக்கி 399 ஆக்கினாலும் அதே 81. 500 ஃபைல் வச்சுப் பாருங்க, 65-ல நிக்கும்!

விடையை லாங்ல (பெரிய முழு எண் வகை) வாங்கினா போதும்னு சிலர் நினைப்பாங்க. போதாது, பெருக்கும்போதே அடிபட்டுடும். கவுன்ட்டரையே லாங்னு போடுங்க. இல்லேன்னா முதல்ல வகுத்துட்டு அப்புறம் பெருக்குங்க; வகுத்த விடை டபுள் (தசம எண் வகை) ஆயிடும், பிரச்சினை இல்ல.

மொத்தம் 400-ன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? கேள்வியில இல்ல. என் பழைய வீடியோ பார்த்தவங்க இப்பவே சிரிப்பீங்க, எப்பவும் சொல்றதுதான்: முதல்ல பட்டியல், அப்புறம் வேலை. டிர் (ஃபோல்டர்ல இருக்கற ஃபைல் பேரை ஒவ்வொண்ணா தர்ற ஃபங்ஷன்) லூப்ல பேரை மட்டும் எடுத்து ஒரு கலெக்‌ஷன்ல போடுங்க; கவுன்ட் தானா கிடைச்சிடும். டிர் லூப்புக்குள்ளேயே ஃபைலைத் திறந்து வேலை பார்த்தா என்ன ஆகும்? நடுவுல வேற ஒரு ஃபைல் இருக்கான்னு பார்க்க டிர்-ஐ இன்னொரு பாத்தோட கூப்பிட்டீங்கன்னா, பழைய தேடல் மறந்துபோச்சு. ரிசல்ட்டை அதே ஃபோல்டர்ல சேவ் பண்ணினா அதையும் டிர் பொறுக்கிக்க வாய்ப்பு இருக்கு. அதனாலதான் சொல்றேன், முதல்ல பட்டியல்.

சரி, நீங்க கேட்காத கேள்விக்கு வர்றேன். வெறும் சதவீதம் எதுக்குங்க? "328 / 400", பக்கத்துல ஃபைல் பேர், இதைக் காட்டுங்க. பெருக்கலே வேண்டாம், எந்த ஃபைல்ல நின்னுச்சுன்னும் தெரியும். ஸ்கிரீன்அப்டேட்டிங்கை (திரையைப் புதுப்பிக்கறது) ஆஃப் பண்ணினாலும் ஸ்டேட்டஸ் பார் மாறும். விண்டோ உறைஞ்ச மாதிரி தெரிஞ்சா டூஈவென்ட்ஸ் (விண்டோஸுக்கு மூச்சு விட ஒரு இடைவெளி தர்ற கட்டளை) போடுங்க, ஆனா ஃபைலுக்கு ஒரு தடவை மட்டும். வரிக்கு வரி போட்டா வேகம் போயிடும். அந்த இடைவெளியில யூசர் ரன் பட்டனை மறுபடி அமுக்கவும் முடியும், அதனால பட்டனை முடக்கி வைங்க. யூசர்ஃபார்ம்ல (நாமே வடிவமைக்கற விண்டோ) முன்னேற்றப் பட்டை காட்டறவங்க அதைத் திறக்கற ஷோ-வோட விபிமோட்லெஸ் சேர்க்கணும். இல்லேன்னா ஃபார்மை மூடற வரைக்கும் கோட் அந்த வரியிலேயே நிக்கும்.

முடிக்கும்போது ஸ்டேட்டஸ்பாருக்கு ஃபால்ஸ் கொடுங்க. வெறும் மேற்கோள் குறி கொடுத்தா பார் காலியாவே கிடக்கும், எக்செல்லோட சொந்த மெசேஜ் திரும்ப வராது. எரர் வந்தாலும் இந்த வரி ஓடற மாதிரி எரர் ஹேண்ட்லர்லேயும் வைங்க. ஸ்கிரீன்அப்டேட்டிங் மேக்ரோ முடிஞ்சதும் தானா திரும்பிடும். வேகத்துக்காக மாத்தியிருந்தா எனேபிள்ஈவென்ட்ஸும் (ஈவென்ட் ஓடலாமாங்கறது) கால்குலேஷனும் (கணக்கு தானா ஓடணுமாங்கறது) திரும்பாது, அதுங்களையும் அங்கேயே பழையபடி மாத்திடுங்க.