பிரிக்கப்படாத விலை உறை

நேயர்களுக்கு வணக்கம். அரசு வேலைகளுக்கு டெண்டர் போடும் சிறு ஒப்பந்ததாரர்களோடு பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். நானும் உங்களில் ஒருவன்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பள்ளிக் கட்டட வேலைக்கு இரண்டு உறை முறையில் டெண்டர் போட்டேன். தகுதிச் சான்றுகள் தொழில்நுட்ப உறையில், ரேட் விலை உறையில்; முதல் உறை தேறினால்தான் விலை உறையைப் பிரிப்பார்கள். மூன்று இரவு உட்கார்ந்து கம்பி, சிமெண்ட், ஆள் கூலி என்று ரேட் கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்கை யாருமே பார்க்கவில்லை. முன் அனுபவச் சான்றில், வேலை முடிந்த தேதி இருந்த இரண்டாம் பக்கத்தை வைக்க மறந்திருந்தேன். தொழில்நுட்ப உறையிலேயே தள்ளுபடி. விலை உறை ஒட்டியது ஒட்டியபடி திரும்பி வந்தது. எனக்கு அந்த வேலை கிடைத்திருக்குமா என்பது இன்று வரை தெரியாது.

தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும், 2000ஆம் ஆண்டு அதற்கான விதிகளும் வந்தன. டெண்டரைத் திறந்ததும் முதலில் என்ன பார்க்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. உங்களுக்குத் தகுதி இருக்கிறதா, முக்கியமான ஆவணங்களில் கையெழுத்து இருக்கிறதா, இ.எம்.டி. என்கிற முன்வைப்புத் தொகை கட்டியாயிற்றா, கேட்ட தரத்துக்கு ஒத்துப்போகிறதா. விலை அதற்கு அப்புறம்தான். முன்வைப்புத் தொகை பொதுவாக வேலை மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகாது. அந்தச் சிறு தொகையைக் கேட்ட வடிவத்தில் கட்டாமல் பெரிய வேலையை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

"நாளைக்குக் கொண்டுவந்து தந்துவிடுகிறேன் சார்" என்று கேட்கத் தோன்றும். உங்களுக்காக அதிகாரி இளகினால், நேரத்துக்கு எல்லாம் வைத்தவருக்கு அது அநியாயம் இல்லையா? 1991இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. வாரணாசி டீசல் ரயில் இன்ஜின் ஆலையின் டெண்டரில், ஸ்டேட் வங்கி டிராஃப்ட் கேட்ட இடத்தில் ஒரு நிறுவனம் யூனியன் வங்கியின் சான்றிட்ட காசோலையை வைத்திருந்தது. அது துணை நிபந்தனைதான், தளர்த்தலாம் என்றது நீதிமன்றம். ஆனால் எது அடிப்படை, எது துணை என்று முதலில் முடிவெடுப்பது டெண்டர் கோரியவர்கள்தான். அந்தத் தீர்ப்பை நம்பி ஒரு தாளைக் கூட விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, டெண்டரோடு வைக்கும் முகப்புக் கடிதம். "சிமெண்ட் விலை ஏறினால் கூடுதல் தர வேண்டும்" என்று நல்லெண்ணத்தில் ஒரு வரி எழுதிவிடுவோம். அந்த ஒரு வரியே நிபந்தனை டெண்டர் என்று தள்ளப் போதும். சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். டெண்டர் சமர்ப்பிக்க 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குப் பொதுவாகக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் என்பது விதி. திருத்த அறிவிப்பு வந்திருக்கிறதா என்று கடைசி நாள் வரை பாருங்கள்.

இப்போது எல்லாம் இணையத்தில். டிஜிட்டல் கையொப்பம் காலாவதி ஆகவில்லையே என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். விலைப் பட்டியல் கோப்பின் பெயரை மாற்றாதீர்கள். சர்வர் கடிகாரம்தான் கணக்கு, உங்கள் கைக்கடிகாரம் இல்லை. எல்லாம் ஏற்றியபின் 'ஃப்ரீஸ்' பொத்தானை அழுத்தினால்தான் டெண்டர் போய்ச் சேரும். சமர்ப்பித்த நேரத்தோடு ஒப்புகைச் சீட்டு வரும். அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்ட பிறகு கணினியை மூடுங்கள். வணக்கம்.