தொடக்கப் பள்ளியில் தேர்வுகளைக் குறையுங்கள், நூலகப் பாடவேளையைத் தாருங்கள்

(தருமபுரியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பணி நெருக்கடிக்கிடையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அய்யா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்து உதவிய வணிகப் பெருமக்களே, பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கங்களிலிருந்து பேருந்து ஏறி வந்திருக்கும் பெற்றோர்களே, இடமில்லாமல் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நிற்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இளைஞர்கள் எழுந்து அந்தத் தாய்மார்களுக்கு நாற்காலி தர வேண்டுமென்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

தொடக்கப் பள்ளித் தேர்வுகளைப் பற்றி, குழந்தையின் அச்சம், ஆசிரியரின் நேரம் என்று இரண்டு செய்திகளைப் பேச வந்திருக்கிறேன். நம் உழவர்கள் சொல்வார்கள், 'அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல்' என்று. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைக்கு வாரத் தேர்வு, மாதத் தேர்வு, பருவத் தேர்வு, தனியார் பள்ளியென்றால் அதற்குமேல் ஒலிம்பியாட் என்று அடுக்கிக்கொண்டே போவது அகல உழுவதுதான். தேசிய அடைவு ஆய்வு போன்றவை சில பள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கல்வி முறையின் நிலையை அறிவதற்காக நடப்பவை. அவற்றை நான் குறை கூறவில்லை. அந்த ஆய்வுக்கென்று மாதக்கணக்கில் பயிற்சித் தாள் கொடுத்துப் பாடத்தை நிறுத்திவைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

குழந்தை அச்சமும் பதற்றமும் இன்றிக் கற்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. இருந்தும் 2019இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று நம் மாநிலத்தில் ஆணை வந்தது. பெற்றோரும் ஆசிரியர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரியில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் பொதுவான தேர்வு நடக்கிறது. அங்கே நியூயார்க் மாநிலத்தில் 2015இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளை அவர்களின் பெற்றோர் தேர்வெழுத விடவில்லை. ஆகவே நம் கவலை படிப்பறியாதவர்களின் கவலை என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது.

பாலக்கோடு பக்கம் ஒரு தக்காளி விவசாயி. அவர் மகன் ஐந்தாம் வகுப்பு. விடுமுறை நாளில் அப்பாவோடு மண்டிக்குப் போவான். ஒருநாள் முப்பத்தேழு பெட்டி, பெட்டி இருநூற்று நாற்பது ரூபாய்க்கு ஏலம் போனது. மண்டிக்காரர் கணக்குப்பொறியை எடுப்பதற்குள் பையன், "நாற்பது பெட்டின்னா ஒன்பதாயிரத்து அறுநூறு, மூணு பெட்டிக்கு எழுநூற்று இருபது கழிச்சா எட்டாயிரத்து எண்ணூற்று எண்பது, நூத்துக்குப் பத்து கமிஷன் போனா ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்திரண்டு, சரிதானே மாமா?" என்றான். மண்டியே திரும்பிப் பார்த்தது. மண்டிக்காரர் பொறியில் தட்டிப் பார்த்துவிட்டு, மேலும் எட்டு ரூபாய் சேர்த்து எட்டாயிரமாகவே கொடுத்தார். அடுத்த வாரம் பள்ளியில், விடைக்குரிய வட்டத்தைக் கருப்பாக்கும் தேர்வு. ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போன பையன், வரிசை மாறி, அதற்குப் பின் எல்லா விடைகளையும் ஒரு வரிசை மேலே நிரப்பிவிட்டான். மதிப்பெண் அட்டையில் 'கணிதத்தில் பின்தங்கியவர்' என்று எழுதி அனுப்பினார்கள். அப்பா அதை நம்பினார். மண்டிக்குப் போவது நின்றது, மாலையில் டியூஷன் தொடங்கியது. "எனக்குக் கணக்கு வராதுங்க" என்று அந்தப் பையன் என்னிடமே சொன்னான். அவன் அம்மா இதே அவையில் இருக்கிறார்.

தகடூர் என்று அன்று பெயர் பெற்ற இந்தத் தருமபுரியை ஆண்ட அதியமானைப் பாடிய ஔவை, பிள்ளையின் மழலை யாழிசையோடு ஒவ்வாது, காலத்தோடு பொருந்தாது, பொருளும் விளங்காது, ஆனாலும் தந்தைக்கு அருள் சுரக்கும் என்றார். அளக்க முடியாததையும் போற்றத் தெரிந்த மண் இது.

ஆசிரியரின் நேரம் பற்றி விரிவாகப் பேசப் பொழுதில்லை. மதிப்பெண்ணைச் செயலியில் ஏற்றுவதற்குள் பாடவேளை முடிந்துவிடுகிறது என்று இங்குள்ள ஆசிரியர்களே சொல்வார்கள். அந்த நேரத்தில் பாதியை நூலகத்துக்குத் தாருங்கள் என்பதுதான் நான் பல மேடைகளில் சொல்லி வருவது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, நாம் சொத்துவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். 2006க்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. அவற்றில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. ஒரு கதைப் புத்தகத்தைக் கடைசிவரை படித்து, அதைத் தன் சொல்லில் இன்னொருவருக்குச் சொல்லும் பிள்ளையின் திறனை அறிய எந்த வட்டமும் நிரப்ப வேண்டியதில்லை. ஆழ உழுவது என்று நான் சொல்வது இதைத்தான். கல்வி அலுவலர் அய்யா இதைக் கனிவோடு கருத வேண்டும்.

மனு மூன்று கோரிக்கைகளோடு எழுதப்பட்டிருக்கிறது: ஐந்தாம் வகுப்பு வரை வாரத் தேர்வு வேண்டாம், பிள்ளையைப் 'பின்தங்கியவர்' என்று அட்டையில் எழுதக் கூடாது, வாரம் இரண்டு பாடவேளை நூலகத்துக்கு வேண்டும். வாசலருகே மேசையில் வைத்திருக்கிறோம், கையெழுத்திட்டுச் செல்லுங்கள். கைநாட்டு வைப்போருக்கு மைப்பெட்டியும் உண்டு. உங்கள் ஊரின் அடுத்த கிராம சபையில், பூட்டிய நூலகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுந்து கேளுங்கள். நன்றி, வணக்கம்.